நாலாம் ஜோடி

லோர்ன்: ...வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுங்க டெல்ஃபீன். பனி உள்ள போகுது.

டெல்ஃபீன்: ஏற்கெனவே அரைக் கிலோ போயாச்சு. எல்லாம் படத்துக்குத் தூவற காகிதம். இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடே வேணாம்.

லோர்ன்: முப்பத்தொரு வருஷம் நகராட்சிக்குப் பனி அள்ளற வண்டி ஓட்டினவன் நான். ரோட்டுல கிடந்த பனியெல்லாம் என்னைக் கண்டா ஒதுங்கும். இந்தப் பனி என்னடான்னா மூக்குல வந்து உட்கார்ந்துக்குது.

டெல்ஃபீன்: அது ஜனவரிப் பனி. ஜூலைல பெய்யற பனிக்கு மரியாதை எங்கேருந்து வரும்?

லோர்ன்: கோட்டுக்குள்ள ஐஸ் பை வச்சீங்களா?

டெல்ஃபீன்: வச்சேன். உருகி முதுகு வழியா இறங்குது. உங்களுக்கு?

லோர்ன்: என்னோடது வெந்நீர் ஆகி ஒரு மணி நேரம் ஆச்சு. டீத்தூள் போட்டா போதும்.

டெல்ஃபீன்: முப்பத்து மூணு டிகிரி வெயில். கம்பளிக் கோட்டு, கம்பளித் தொப்பி... யாராவது மயங்கி விழுந்தா அதையும் படத்துல சேர்த்துக்குவாங்க. காதலைப் பார்த்துக் கிழவர் உருகிட்டார்னு.

லோர்ன்: கிழவரா? பட்டியல்ல 'அன்பான மூத்த தம்பதி'ன்னு போட்டிருக்கு. நான் பார்த்தேன்.

டெல்ஃபீன்: என்னை மூத்தவள்னு எழுதினது யாரு?

லோர்ன்: துணை டைரக்டர் ரோண்டாதான். போய்ச் சண்டை போடுங்க.

டெல்ஃபீன்: கடைசி நாள்ல எதுக்குச் சண்டை.

லோர்ன்: ...அப்போ அவகிட்ட சொல்லிட்டீங்களா? இதுதான் கடைசிப் படம்னு.

டெல்ஃபீன்: காலைல சொல்லிட்டேன். இனிமே கூப்பிட வேணாம், ஊரை விட்டு மங்க்டனுக்கே குடி போறோம்னு.

லோர்ன்: என்ன சொன்னா?

டெல்ஃபீன்: 'ஐயோ, நாலாம் ஜோடிக்கு இப்ப யாரைப் போடறது'ன்னா. அவ கவலை அவளுக்கு.

லோர்ன்: என்கிட்டயும் காலைலதானே சொன்னீங்க. கோட்டு மாட்டிக்கிட்டே... 'குளிர்காலத்துக்கு முந்தி கிளம்பறோம் லோர்ன்'னு. ஏதோ பால் வாங்கப் போற மாதிரி.

டெல்ஃபீன்: பின்ன எப்படிச் சொல்றது? மேளம் வச்சா?

ரோண்டா: எல்லாரும் இங்க பாருங்க. பின்னால நடக்கிறவங்க எல்லாரும். இன்னைக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கடைவீதி. உங்களுக்கெல்லாம் குளிருது. யாரும் வேர்வையைத் துடைக்கக் கூடாது. பேசற மாதிரி வாயை அசைக்கணும், சத்தம் வரக் கூடாது. துளி சத்தம் வந்தாலும் கதாநாயகி பேசறது கெட்டுப்போகும். நாலாம் ஜோடி எங்க?

லோர்ன்: இங்க இருக்கோம் ரோண்டா.

ரோண்டா: நான் 'நடங்க'ன்னு குரல் குடுத்ததும் மணிக்கூண்டுலேருந்து ரொட்டிக்கடை வரைக்கும் போங்க. கைகோத்துக்கிட்டு. லோர்ன், அந்தப் பரிசுப் பெட்டி காலிதான், ஆனா கனமா இருக்கிற மாதிரி தூக்குங்க. போன தடவை அது உங்களைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தது.

லோர்ன்: சரிம்மா.

ரோண்டா: விளக்கு சரி பண்ணறாங்க. ரெண்டு நிமிஷம்.

டெல்ஃபீன்: ரெண்டு நிமிஷம்னா இருபது நிமிஷம். இந்தப் படத்துல என்னங்க கதை?

லோர்ன்: அந்தப் பொண்ணுக்கு டொரான்டோல பெரிய வேலை. 'எனக்கு ஒருத்தர் இருக்கார்'னு அம்மாகிட்ட போன்ல புளுகிட்டா. கிறிஸ்துமஸுக்குக் கூட்டிட்டு வாடின்னாங்க. இப்ப ஆளுக்கு எங்க போவா? மரம் விக்கிறவன் ஒருத்தனைப் பிடிச்சு, பத்து நாளைக்கு என் ஆளு மாதிரி நடின்னு...

டெல்ஃபீன்: போன வருஷம் ரொட்டிக்காரன்.

லோர்ன்: அதுக்கு முந்தி மாட்டு வைத்தியர்.

டெல்ஃபீன்: எழுபதாவது நிமிஷத்துல குட்டு வெளிப்பட்டு அழுகை.

லோர்ன்: எண்பதாவது நிமிஷத்துல முத்தம். அதுதான் இன்னைக்கு.

டெல்ஃபீன்: தனியா இருக்கேன்னு சொல்றதுக்கு இவ்வளவு வெட்கமா ஒரு பொண்ணுக்கு?

லோர்ன்: ...படம்தானே.

டெல்ஃபீன்: ஆமாம். படம்தான்.

ரோண்டா: எல்லாரும் அவங்கவங்க இடத்துக்கு. கேமரா ஓடுது. பின்னால இருக்கிறவங்க, நடங்க.

லோர்ன்: .........

டெல்ஃபீன்: .........

ரோண்டா: கட். யாரும் நகராதீங்க. நாலாம் ஜோடி, என்ன ஆச்சு? நான் கத்தி அஞ்சு செகண்ட் கழிச்சு நடக்கறீங்க. ரொட்டிக்கடை வாசல்ல நீங்க வரணும், அங்க காலியா இருக்கு.

லோர்ன்: என் தப்பு ரோண்டா. பூட்ஸ் கயிறு அவிழ்ந்திடுச்சு.

ரோண்டா: காலைலயும் கயிறுன்னீங்க.

லோர்ன்: அது இந்தக் கால். இது அந்தக் கால்.

ரோண்டா: முடிச்சு போட்டுக்கங்க. மறுபடியும் எடுக்கறோம். விளக்கு திரும்ப மாத்தணும்னு கேமராக்காரர் சொல்றார், நிழல்ல நில்லுங்க.

டெல்ஃபீன்: ...உங்க பூட்ஸ்ல கயிறே இல்லையே வீட்டுக்காரரே. ஜிப்புதானே.

லோர்ன்: அவ குனிஞ்சு பார்க்கப் போறாளா?

டெல்ஃபீன்: நகராம நின்னது நான். எதுக்கு நீங்க திட்டு வாங்கணும்?

லோர்ன்: கடைசி நாள்ல உங்களுக்கு ஒரு பரிசு. காலிப் பெட்டியைவிட இது பரவாயில்ல... இந்தாங்க, பட்டர் டார்ட். உள்ள இருக்கிற சர்க்கரைப் பாகு வெயில்ல கொஞ்சம் ஒழுகுது.

டெல்ஃபீன்: மார்னி பண்ணினதா?

லோர்ன்: பின்ன? என் பொண்டாட்டிதான் காலைல எழுந்து பண்ணிக் குடுத்தா. 'டெல்ஃபீனுக்கு ரெண்டு தனியா வை'ன்னா.

டெல்ஃபீன்: இந்த வெயில்ல அடுப்புக்கு முன்னால நின்னாங்களா?

லோர்ன்: சொன்னா கேக்கற ஆளா அவ? முழங்கால் வலி வேற. உட்காருடின்னா உட்கார மாட்டா. உங்க வீட்டுக்காரர் ஆல்பன் எப்படி இருக்கார்?

டெல்ஃபீன்: ஏரிக்கரையே கதின்னு இருக்கார். தூண்டிலைப் போட்டா சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஒரு மீனும் கிடையாது.

லோர்ன்: மங்க்டன்ல ஏரி இருக்கா அவருக்கு?

டெல்ஃபீன்: ஏதாவது தண்ணி இருக்கும். எங்க அக்கா பொண்ணு சில்வி வீட்டுக்குப் பக்கத்துல ஆறு ஓடுதாம். அவதான் வா வான்னு கூப்பிடறா. வயசான காலத்துல ரெண்டு பேரும் தனியா எதுக்கு இருக்கீங்கன்னு.

லோர்ன்: நல்ல பொண்ணு.

டெல்ஃபீன்: ரொம்ப.

லோர்ன்: கார்ல பதினோரு மணி நேரம். நான் வரைபடத்துல பார்த்தேன், சாப்பாட்டு வேளைல.

டெல்ஃபீன்: எதுக்குப் பார்த்தீங்க?

லோர்ன்: சும்மா. வண்டி ஓட்டினவன் இல்லையா. தூரம் எவ்வளவுன்னு பார்க்காம இருக்க முடியாது.

ரோண்டா: இடத்துக்கு வாங்க. கேமரா ஓடுது. நடங்க.

லோர்ன்: .........

டெல்ஃபீன்: .........

ரோண்டா: கட். நாலாம் ஜோடி, இப்ப சரி. இன்னொண்ணு எடுக்கறோம், நாயகனோட தொப்பி கண்ணை மறைச்சிடுச்சு. நடங்க.

லோர்ன்: .........

டெல்ஃபீன்: .........

ரோண்டா: கட். அந்த நாயை யாரு விட்டது? அது குரைக்குது. அதைப் பிடிச்சுக் கட்டுங்க. ஒரு அரை மணி எல்லாரும் உட்காருங்க, தண்ணி குடிங்க.

டெல்ஃபீன்: நாய் குரைச்சதா?

லோர்ன்: நல்லாவே குரைச்சது. நம்ம காலடிலதான். உட்காருங்க. இந்தப் பக்கம் நிழல்.

டெல்ஃபீன்: லோர்ன், ஒண்ணு கேக்கறேன். ரோண்டா 'நடங்க'ன்னு சொல்லும்போதெல்லாம் என் முழங்கையை ரெண்டு தடவை அழுத்தறீங்களே. அது எதுக்கு?

லோர்ன்: பழக்கம்.

டெல்ஃபீன்: முதல் ரெண்டு படத்துல இல்லையே அந்தப் பழக்கம்.

லோர்ன்: வயசாக ஆக வர்ற பழக்கம். சிலருக்குக் கை நடுங்கும், எனக்கு அழுத்தும்.

டெல்ஃபீன்: காலைலயும் மத்தியானமும் மட்டும் அழுத்தல. பெட்டியைச் சரி பண்ணிட்டிருந்தீங்க. அதான் நான் மரம் மாதிரி நின்னேன். உங்களுக்குத் தெரியும், இல்லையா?

லோர்ன்: என்ன தெரியும்?

டெல்ஃபீன்: எனக்குக் காது கேக்கலைன்னு.

லோர்ன்: ...கொஞ்சம் மந்தம்னு நினைச்சேன்.

டெல்ஃபீன்: மந்தம் எல்லாம் தாண்டியாச்சு. இடது காது மூணு வருஷம் முந்தியே போச்சு. வலதுல ஏதோ தண்ணிக்கு அடியில பேசற மாதிரி வருது. கருவி வாங்கினேன். இந்தக் கம்பளித் தொப்பிக்குள்ள அது விசில் அடிக்குது. ரோண்டாகிட்ட சொன்னா என்ன பண்ணுவா? அவ குரலுக்குத்தான் நாம நடக்கணும். அது கேக்காத ஆளை வச்சுக்கிட்டு...

லோர்ன்: அதனாலதான் நிறுத்தறீங்களா?

டெல்ஃபீன்: அதுவும்தான்.

லோர்ன்: நான் இருக்கேனே. முழங்கைக்கு என்ன குறைச்சல்? இன்னும் பத்துப் படத்துக்கு அழுத்தறேன்.

டெல்ஃபீன்: நீங்க காய்ச்சல்ல படுத்தா?

லோர்ன்: நான் காய்ச்சல்ல படுக்கறதில்ல.

டெல்ஃபீன்: இதெல்லாம் பேச்சுக்கு நல்லா இருக்கும் லோர்ன். ஒவ்வொரு நாளும் என் ஆயுசுல பாதி போகுது. எங்க மாட்டிக்குவோமோ, எங்க திட்டு விழுமோன்னு.

லோர்ன்: மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல நீங்க.

டெல்ஃபீன்: நீங்களும்தான் சொல்லல.

லோர்ன்: ...இருங்க. எனக்கு ஒண்ணு புரியல. தண்ணிக்கு அடியில பேசற மாதிரி வருதுங்கறீங்க. நான் இப்ப மெதுவாத்தான் பேசிட்டிருக்கேன். ஒரு வார்த்தை விடாம பதில் சொல்றீங்க. எப்படி?

டெல்ஃபீன்: முகத்தைப் பார்த்து.

லோர்ன்: முகத்தைப் பார்த்துன்னா?

டெல்ஃபீன்: உதட்டைப் பார்த்து. டிவியை வச்சுப் பழகிக்கிட்டேன். நம்ம படங்களைத்தான். முதல்ல கீழே எழுத்தை ஓடவிட்டுப் பார்ப்பேன். அப்புறம் எழுத்தை எடுத்துட்டுப் பார்ப்பேன். ரொம்ப சுலபம்... எல்லாப் படத்துலயும் ஒரே பேச்சுதானே. 'நடிக்க ஆரம்பிச்சேன், எப்ப நிஜமாச்சுன்னு தெரியல.' இதை மட்டும் பதினெட்டு வாயில பார்த்திருக்கேன்.

லோர்ன்: உதட்டைப் பார்த்தா... எல்லாமே தெரியுமா?

டெல்ஃபீன்: பக்கத்துல இருந்தா தெரியும்.

லோர்ன்: சத்தமே வராட்டியும்?

டெல்ஃபீன்: சத்தம் எனக்கு எதுக்கு லோர்ன்? தண்ணி குடிங்க. முகம் சிவந்துபோச்சு.

லோர்ன்: அப்போ... கேமரா ஓடும்போது... நான் வாயை அசைக்கிறேனே...

டெல்ஃபீன்: நான் 'உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை'ன்னு கடைச் சாமான் சொல்லிட்டு வருவேன். நீங்களும் அப்படித்தான் ஏதாவது சொல்றீங்கன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

லோர்ன்: எப்ப தெரிஞ்சது?

டெல்ஃபீன்: மாட்டு வைத்தியர் படம். டிசம்பர்ல டிவில போட்டான். நான் ஒருத்திதான் உட்கார்ந்து... நான் மட்டும் உட்கார்ந்து பார்த்திட்டிருந்தேன், ஆல்பன் தூங்கிட்டார். கதாநாயகி கண்ணைக் கசக்கிட்டு நிக்கிறா. அவ தோளுக்குப் பின்னால நாம வர்றோம். நீங்க நேரா கேமராவைப் பார்க்கத் திரும்பி ஏதோ சொல்றீங்க. விளையாட்டா நிறுத்திப் பார்த்தேன். திரும்ப ஓட்டினேன். ஆறு தடவை ஓட்டினேன்.

லோர்ன்: என்ன சொல்லிட்டிருந்தேன்?

டெல்ஃபீன்: 'மார்னியோட பூட்ஸ் இன்னும் நடையிலதான் இருக்கு. அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எடுத்து வைக்க முடியல'ன்னு.

லோர்ன்: ...கடவுளே.

டெல்ஃபீன்: நாடு பூரா போட்டிருக்கான் அதை. வருஷா வருஷம் போடறான்.

லோர்ன்: யாருக்கும் கேக்காதுன்னுதானே சொன்னேன். வீட்ல சொன்னா சுவர்கிட்ட பேசற மாதிரி இருக்கு. அங்க பேசினா எனக்கே பயமா இருக்கும். இங்க... இங்க வாயை அசைக்கணும்னு அவங்களே சொல்றாங்க. பக்கத்துல ஒரு ஆள் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்குது. சத்தம் வரக் கூடாது. இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?

டெல்ஃபீன்: தெரியும்.

லோர்ன்: என்ன தெரியும் உங்களுக்கு? அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே 'மார்னி எப்படி இருக்காங்க', 'மார்னி பண்ணினதா'ன்னு கேட்டீங்க. இன்னைக்குக்கூட. நானும் முழங்கால் வலி அது இதுன்னு... என்னை எவ்வளவு பெரிய கோமாளி ஆக்கியிருக்கீங்க.

டெல்ஃபீன்: கோமாளி இல்ல.

லோர்ன்: அந்த டார்ட் கடையில வாங்கினது. அதுவும் தெரியுமா?

டெல்ஃபீன்: கடையில வாங்கி அவங்க டப்பால மாத்தி வைக்கிறீங்கன்னு தெரியும். அதுவும் நீங்க சொன்னதுதான். தேவாலயம் வர்ற காட்சில.

லோர்ன்: பின்ன எதுக்குத் தின்னீங்க?

டெல்ஃபீன்: நல்லா இருந்தது.

லோர்ன்: சிரிக்காதீங்க.

டெல்ஃபீன்: சிரிக்கல. மார்னியைப் பத்திக் கேட்டா உங்க முகம் மாறும் லோர்ன். திட்டுவீங்க, பிடிவாதக்காரின்னு சொல்லுவீங்க, அப்பதான் ஆள் உயிரோட இருக்கிற மாதிரி இருக்கும். அதை எப்படி நான் நிறுத்தறது? 'அவங்க செத்துப்போயிட்டாங்கன்னு எனக்குத் தெரியும், இனி டப்பாவைக் கொண்டுவர வேணாம்'னு சொல்லணுமா? எனக்கு வாய் வரல.

லோர்ன்: ...முதல் நாள் நீங்க 'எனக்கு வீட்டுக்காரர் இருக்கார்'ன்னீங்க. கையைக் கோத்துக்கணும்னு ரோண்டா சொன்னதும், உடனே. எனக்கு என்ன தோணிச்சுன்னா, பாவம், புது ஆம்பளை கையைப் பிடிக்க பயப்படறாங்க. நானும் கட்டிக்கிட்டவன்னு சொன்னா நிம்மதியா இருப்பாங்கன்னு. அதான் 'எனக்கும் மார்னி இருக்கா'ன்னேன். பொய்யும் இல்ல அது. எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. வாய் அப்படித்தான் பழகியிருந்தது.

டெல்ஃபீன்: என்னாலதான் அப்போ.

லோர்ன்: உங்க மேல என்ன தப்பு? நீங்க உண்மையைச் சொன்னீங்க.

டெல்ஃபீன்: ...

லோர்ன்: இன்னைக்கு எடுத்தது... மூணு தடவை எடுத்தாங்களே. அதையும் பார்த்தீங்களா?

டெல்ஃபீன்: உங்க பக்கம்தானே திரும்பியிருந்தேன்.

லோர்ன்: சொல்லாதீங்க.

டெல்ஃபீன்: மூணு தடவையும் ஒண்ணேதான் சொன்னீங்க.

லோர்ன்: சொல்லாதீங்கன்னேன். இன்னொருத்தர் மனைவிகிட்ட சொல்லக்கூடிய வார்த்தை இல்ல அது. ஆல்பன் முகத்தை நான் பார்த்ததுகூட இல்ல, ஆனா அவர் காதுல விழுந்தா எனக்குத் தலை நிமிராது. மறந்துடுங்க.

டெல்ஃபீன்: 'போகாதீங்க'ங்கறது அவ்வளவு கெட்ட வார்த்தையா?

ரோண்டா: எல்லாரும் இடத்துக்கு வாங்க. நாயைக் கட்டியாச்சு. வெளிச்சம் போறதுக்குள்ள இந்த முத்தத்தை முடிச்சிடணும். நாலாம் ஜோடி, ரொட்டிக்கடை வாசலுக்கு வரும்போது அவங்க முத்தம் குடுக்கறதைத் திரும்பிப் பார்த்துச் சிரிங்க. அந்த வயசுல நாமளும் இப்படித்தானேன்னு ஒரு சிரிப்பு. சரியா? கேமரா ஓடுது. நடங்க.

லோர்ன்: .........

டெல்ஃபீன்: .........

ரோண்டா: கட். லோர்ன், என்ன ஆச்சு உங்களுக்கு? வாயை இறுக்கி மூடிக்கிட்டு, பல் பிடுங்கப் போற மாதிரி வர்றீங்க. ஏதாவது பேசுங்க. மனைவியோட கடைவீதில நடக்கறீங்க.

லோர்ன்: இப்ப எனக்குப் பேச ஒண்ணும் இல்லம்மா.

ரோண்டா: ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?

டெல்ஃபீன்: ரோண்டா, இந்தத் தடவை நான் பேசறேன். அவர் கேட்டுக்கிட்டு வரட்டும். கல்யாணம் ஆனவங்க அப்படித்தானே நடப்பாங்க.

ரோண்டா: அது நல்லா இருக்கு. அப்படியே பண்ணுங்க. இடத்தை மாத்திக்கங்க, டெல்ஃபீன் கேமரா பக்கம். கேமரா ஓடுது. நடங்க.

டெல்ஃபீன்: .........

லோர்ன்: .........

டெல்ஃபீன்: .........

டெல்ஃபீன்: .........

ரோண்டா: கட். பிரமாதம். முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி, கோட்டைக் கழட்டலாம். சீட்டுல கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை நீங்க வச்சுக்கங்க. டெல்ஃபீன், போற இடத்துல நல்லா இருங்க. லோர்ன், செப்டம்பர்ல அடுத்த படம், உங்களுக்கு வேற ஜோடி பார்த்து வைக்கிறேன்.

லோர்ன்: வேணாம் ரோண்டா.

ரோண்டா: ஏன்?

லோர்ன்: வேற ஆள் கையை எனக்குப் பழக்கமில்ல. போங்க, உங்க வேலையைப் பாருங்க.

ரோண்டா: நல்ல ஆளு நீங்க. சரி, மனசு மாறினா போன் பண்ணுங்க.

டெல்ஃபீன்: ...கோட்டைக் கழட்டுங்க. வேர்த்து ஊத்துது.

லோர்ன்: கழட்டினா முடிஞ்சுபோயிடும்.

டெல்ஃபீன்: குழந்தை மாதிரி பேசாதீங்க. கையை நீட்டுங்க, நான் இழுக்கறேன்.

லோர்ன்: நடக்கும்போது என்ன சொன்னீங்க? ரொம்ப நேரம் பேசினீங்க. மூச்சு விடாம.

டெல்ஃபீன்: உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை.

லோர்ன்: இல்ல. வெங்காயம் சொல்லும்போது உங்க வாய் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும், பதினொரு படம் பார்த்திருக்கேன். இது அது இல்ல. நடுவுல கண்ணைத் துடைச்சீங்க. ரோண்டா பார்த்திருந்தா வேர்வைன்னு திட்டியிருப்பா.

டெல்ஃபீன்: வேர்வைதான்.

லோர்ன்: எனக்கு உங்களை மாதிரி படிக்கத் தெரியாது டெல்ஃபீன். ஒரு வார்த்தைகூடப் பிடிபடல. நான் சொன்னதையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க, நீங்க சொன்னது மட்டும் எனக்கு இல்லைன்னா எப்படி?

டெல்ஃபீன்: டிசம்பர்ல டிவில போடுவாங்க. நிறுத்தி நிறுத்திப் பாருங்க.

லோர்ன்: டிசம்பர் வரைக்கும் நான் என்ன பண்ணுவேன்? சரி, விடுங்க. கேக்கல. கிளம்பற நேரத்துல உங்களை அழ வைக்கிற உத்தேசம் எனக்கு இல்ல. விலாசமாவது குடுங்க. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடறேன். ஆல்பன் பேரை முதல்ல எழுதி, உங்க பேரை அப்புறம் எழுதறேன். அதுல ஒண்ணும் தப்பில்லையே?

டெல்ஃபீன்: பேனா இருக்கா?

லோர்ன்: கையெழுத்துப் போட்டது கையிலதான் இருக்கு. சீட்டுக்குப் பின்னால எழுதிக்கறேன். சொல்லுங்க.

டெல்ஃபீன்: பதினெட்டு, மில் தெரு. மேல்மாடி.

லோர்ன்: பதினெட்டு... மில் தெரு... மேல்மாடி. ஊர் மங்க்டன்.

டெல்ஃபீன்: கால்டர் மில்ஸ்.

லோர்ன்: கால்டர் மில்ஸா? அது நான் வீட்டுக்குப் போற வழியாச்சே. தினமும் அதைத் தாண்டித்தான் போறேன்.

டெல்ஃபீன்: தெரியும். உங்க வண்டி போறதை ஜன்னல்லேருந்து பார்ப்பேன்.

லோர்ன்: புரியல... ஏரிக்கரை வீடுன்னீங்க. அங்க யாரு இருக்காங்க? கார்டை அங்க போட்டா மங்க்டனுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்களா?

டெல்ஃபீன்: நான் மங்க்டனுக்குப் போகல. கார்டு வேணாம், நேர்ல வாங்க. ஆனா கீழே நின்னு மணி அடிச்சுட்டு இருக்காதீங்க லோர்ன், எனக்குக் கேக்காது. மணி அடிக்குதுன்னு எனக்குச் சொல்ல அந்த வீட்ல வேற யாரும் இல்ல, எப்பவும் இருந்ததில்ல. கதவைத் தள்ளிக்கிட்டு மேல வாங்க.